அடி தெரியாத நீர்

கணவன் லியோனெலைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலை ஜுல்மீரா செய்த முதல் காரியம், நீச்சல் குளத்து மோட்டாரை நிறுத்தியதுதான். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு சிமெண்ட் குழிக்குள் அது இருந்தது. அது உறுமிக்கொண்டிருக்கும் வரைக்கும், மனுஷன் வெளியே ஏதோ வேலையாக இருக்கிறான், கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கறுப்பு உடுப்பை மாற்றாமலேயே குழிக்குள் குனிந்து பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

அப்போது ஜனவரி. குளிர்காலத்தில் தண்ணீர் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது, நீலமாகவே கிடந்தது. மார்ச்சில் படிக்கட்டு மூலையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வழவழப்பு தெரிந்தது. ஏப்ரலில் மழை பெய்து வெயில் காய்ந்ததும் சுவரெங்கும் பாசி மயிர் மயிராக இறங்கியது. மே மாதம் தவளைகள் குடியேறின. ஜூன் பிறந்தபோது குளத்தின் அடி தெரியவில்லை.

அதைக் கட்டியவன் லியோனெல். போர்ச்சுகலின் தெற்கே அல்கார்வ் மலைச்சரிவில் பிறந்தவர்கள் இருவரும். ஜுல்மீரா பத்தொன்பது வயதில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பிரான்சுக்குப் போனாள். துலோன் நகரத்தில் அவன் கொத்தனார். பணக்காரர்களின் தோட்டங்களில் நீச்சல் குளம் கட்டுவான். அவள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் காவல்காரி. தரைத்தளத்தில் ஓர் அறை, தலைக்கு மேல் அத்தனை படிகள். முப்பது வருடம் அந்தப் படிகளைக் கழுவினாள். வாளியும் துடைப்பமும் எடுத்தால், சுவரிலிருந்து சுவர்வரை ஒரு பட்டை, அதை ஒட்டி அடுத்த பட்டை என்று இடைவெளி விடாமல் துடைப்பாள். ஒரு சாண் இடம் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு அவள் பேர் தெரியாது. படி வழுக்காது என்பது மட்டும் தெரியும்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊருக்கு வந்து வீட்டை ஓர் அறை, ஓர் அறையாகக் கட்டினார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பியதும் லியோனெல் கடைசியாகக் கட்டியது குளம். இது எதற்கு என்று அவள் கேட்டாள். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவன் தனக்கென்று ஒன்றில் குளிக்க வேண்டாமா என்றான். சின்னச் சின்ன நீல ஓடுகளை மண்டியிட்டு அவனே பதித்தான். சாயங்காலங்களில் அவன் நீந்துவான். அவள் விளிம்பில் உட்கார்ந்து கணுக்கால்வரை நனைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே அவளுக்கு மூச்சு முட்டும். மோட்டாரைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ கேட்டால், "தண்ணி என் பாடு, அடுப்பு உன் பாடு," என்று சிரித்துவிடுவான். அடுப்பைப் பற்றி அவன் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரைப் பற்றி அவளும்தான்.

கீழ்ச்சரிவில் ஆடு மேய்க்கும் அபீலியோதான் முதலில் வாயைத் திறந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர்; அவளை மரியாதையாகத் தோனா என்றுதான் கூப்பிடுவார். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றபடி, "தோனா ஜுல்மீரா, ராத்திரியெல்லாம் உங்க வீட்டுல கச்சேரி. தவளைக்கெல்லாம் பத்திரிகை வெச்சீங்க, பக்கத்து வீட்டுக்காரனை மறந்துட்டீங்களே," என்றார்.

"நீங்க வந்தா பாட்டு நின்னுடும்னு பயந்துட்டேன்," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பிறகு குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றுக்கு ஒரு மூடியாவது இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலையில் பிரான்சிலிருந்து மகள் செலியா போன் செய்தாள். ஆகஸ்டில் அவளும் கணவன் ரெஜிஸும் குழந்தையோடு வருகிறார்கள். குழந்தை மாயெலுக்கு மூன்று வயது நிறையவில்லை. குளத்தைப் பற்றி அவன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள். ஜுல்மீரா போனை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். தண்ணீர் முட்டைக்கோஸ் சூப்பு மாதிரி கெட்டியாக, அசையாமல் கிடந்தது. வெள்ளை வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். முழங்கை ஆழம் போவதற்குள் வாளி கண்ணுக்கு மறைந்துவிட்டது.

மறுநாளே ஆரம்பித்தாள். நீளக் கம்பில் மாட்டிய வலையால் இலையை அள்ளினாள். மேலே மிதந்தது கொஞ்சம்தான்; அடியிலிருந்து வந்தது சாக்குச் சாக்காக, கறுத்து, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தது. இரண்டு எலி, ஒரு பாம்புச் சட்டை, லியோனெலின் ஒற்றைச் செருப்பு. செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தாள். ஊருக்குள் நீச்சல் குளத்து மருந்து விற்கும் கடைக்காரர் கேன்களில் குளோரின் கொடுத்து, சுவரைத் தேய்த்த பிறகே ஊற்றவேண்டும், தேய்க்காமல் ஊற்றினால் பாசியின் மேல்தோல் மட்டும்தான் சாகும், மோட்டாரை இரவும் பகலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவள் தேய்த்தாள். பாசி ஆடை ஆடையாகக் கழன்று தண்ணீருக்குள் புகைபோலப் பரவியது. வடிகட்டி மணி நேரத்துக்கொரு தரம் அடைத்துக்கொண்டது. அதற்குள் தண்ணீரை எதிர்த்திசையில் திருப்பிவிட்டுக் கழுவினால் பச்சைத் தண்ணீர் சரிவில் ஓடியது. ஆடு அதைக் குடித்துவிட்டால் பாலும் பச்சையாகத்தான் வரும் என்று அபீலியோ கீழிருந்து சத்தம் போட்டார்.

தவளைகள் ஒரே நாளில் ஓய்ந்தன. செத்து மிதந்தவற்றை வலையில் அள்ளும்போது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. மோட்டார் மறுபடி ஜன்னலுக்குக் கீழே உறுமியது. அவள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள்.

கரும்பச்சை வெளுத்துப் பால் கலந்த பச்சையாயிற்று. படிக்கட்டில் இரண்டாவது படி தெரிந்தது, பிறகு மூன்றாவது. இன்னும் சில நாள் விட்டால் அடி தெரிந்திருக்கும். அதற்குள் மலைக்குப் பின்னால் காடு பற்றிக்கொண்டது. வானம் செம்புக் கலராயிற்று. ஒரு ஹெலிகாப்டர் வீட்டுக்கு மேலே வந்து தண்ணீருக்காகத் தாழ்ந்து, குளத்தை ஒரு பார்வை பார்த்ததுபோல் நின்று, வேறு எங்கோ போனது. இரண்டு நாள் முழுக்கச் சாம்பல் பெய்தது. சாம்பலைத் தின்று பாசி மறுபடி தலையெடுத்தது. மகள் குடும்பம் விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் காரில் வந்து இறங்கியபோது இரண்டாவது படிகூடத் தெரியவில்லை.

"அம்மா, இது குளமா, குட்டையா?" என்றாள் செலியா, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.

ஜுல்மீரா சாம்பலைச் சொன்னாள். மகள் சாம்பலைக் கேட்கவில்லை. ஏழு மாதமாய் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டாள். ஜுல்மீரா நாற்காலிகளைக் குளத்தைச் சுற்றிலும் வரிசையாகப் போட்டு, அவற்றின் முதுகில் கயிறு கட்டி வேலிபோல் ஆக்கினாள். ரெஜிஸ் சாதுவானவன், போர்ச்சுகீசு அரைகுறை. கயிற்றை இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான். குழந்தை கயிற்றுக்கு அடியில் நேராக நடந்து போனான். தலைகூடக் குனியவில்லை.

அதன்பிறகு யாராவது ஒருவர் எப்போதும் அவன் பின்னாலேயே இருந்தார்கள். தண்ணீருக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். யாரும் இல்லை என்றால் நம்பவில்லை. ஜுல்மீராவுக்கு இரவில் தூக்கம் போயிற்று. விடிந்ததும் போய்ப் பார்ப்பாள். ஒரு நாள் காலை குளத்தோரத்து மண் உழுததுபோல் கிளறிக் கிடந்தது. வறட்சிக்குக் காட்டுப்பன்றிகள் இறங்கி வரும் காலம். மண்ணைக் காலால் நிரவிவிட்டாள், மகளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கிற பேச்சே போதும் என்று நினைத்தாள்.

அன்று காலை, வீட்டுக் குளம் ஆகாது என்று, கடலுக்குப் போய்விட்டு வந்தார்கள். மத்தி மீன் சுட்டு, ரொட்டியும் தக்காளியும் வைத்துச் சாப்பிட்டார்கள். காரில் விட்டுவந்த பிளாஸ்டிக் சுறா வேண்டும் என்று குழந்தை சாப்பாட்டு நேரம் முழுவதும் அழுதான். தூங்கி எழுந்ததும் தருகிறேன் என்று செலியா அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். ரெஜிஸ் காரிலிருந்து குடையையும் நாற்காலிகளையும் இறக்கிவைத்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தான். வெயில் தகித்தது. ஜுல்மீரா பாத்திரம் கழுவினாள்.

செலியாவின் குரல் கேட்டபோது அவள் கையில் கடைசித் தட்டு. படுக்கையில் குழந்தை இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது.

யாரும் எங்கே என்று யோசிக்கவில்லை. எல்லோர் கால்களும் ஒரே பக்கம்தான் ஓடின. தண்ணீர் பச்சையாக, வழுவழுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. நாற்காலி, கயிறு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ரெஜிஸ் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு சாலைப் பக்கம் இறங்கி ஓடினான். குழந்தை அந்தப் பக்கம் போயிருக்கவேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்திருக்கலாம். செலியா அப்படியே குதித்துவிட்டாள். அவள் நன்றாக நீந்துவாள். ஆனால் உள்ளே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூழ்கி மூழ்கி ஒரே இடத்தில் எழுந்தாள். குளோரின் கண்ணை எரித்தது, தண்ணீரைக் குடித்துவிட்டாள். சத்தம் கேட்டு வேலி தாண்டி வந்த அபீலியோ அவள் தோளைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அவள் வாந்தியெடுத்துக்கொண்டே மறுபடி உள்ளே போகத் திமிறினாள். அபீலியோ ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் தீயணைப்புக்காரர்களை அழைத்தார்.

ஜுல்மீரா உடுப்போடு படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. மூச்சு நின்று நின்று வந்தது. இடக் கை சுவரில், வலக் கால் தரையைத் துழாவியபடி எதிர்ச் சுவர்வரை போனாள். ஒரு காலடி நகர்ந்து திரும்பி வந்தாள். மறுபடி போனாள். அடித்தரை சோப்புப் போட்டதுபோல் வழுக்கியது. இலையா, சேறா, துணியா என்று உள்ளங்கால் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தது. துணி என்று தோன்றிய இடத்தில் குனிந்து கையில் எடுத்தாள்; பாசி. ஒரு சாண் இடமும் விடவில்லை. தண்ணீர் மோவாய்க்கு வந்தது. அதற்கு மேல் தரை சரிந்து ஆழமாயிற்று.

"அபீலியோ, அந்தக் கம்பைப் புடிச்சுக்குங்க," என்றாள். "நான் இழுத்தா நீங்களும் இழுக்கணும். விட்டுடாதீங்க."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே, தோனா."

"தெரியாது. புடிங்க."

அவர் கரையில் குப்புறப் படுத்து, பிரஷ் மாட்டிய நீளக் கம்பைச் செங்குத்தாக இறக்கினார். அதைப் பற்றிக்கொண்டு அவள் தலையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டுதான் போனாள், திறந்தும் பயனில்லை. கீழே தண்ணீர் சில்லிட்டிருந்தது. எட்டின மட்டும் கையால் துழாவி மேலே வந்து மூச்சு வாங்கினாள். கம்பை நகர்த்தச் சொல்லி மறுபடி போனாள். மூன்றாவதோ நான்காவதோ முறை, வடிகால் மூலையில், கைக்கு மயிர் தட்டுப்பட்டது.

நனைந்த மயிர். அதற்குக் கீழே உறுதியான, கனத்த உடம்பு. அந்தக் கணத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. அந்த மயிரைக் கொத்தாகப் பிடித்துக் கம்பை இழுத்தாள். மேலே கொண்டுவந்தபோது செலியா போட்ட சத்தம் கீழே சாலையில் ரெஜிஸுக்குக் கேட்டிருக்கிறது.

அது பன்றிக்குட்டி. முதுகில் கோடு மறையாத காட்டுப்பன்றிக்குட்டி. இரவில் தண்ணீர் குடிக்க வந்து விழுந்திருக்கும். அபீலியோ சிலுவை போட்டுக்கொண்டு அதைக் கரைக்குத் தூக்கினார். அவ்வளவுதான், மேலே வந்துவிடுங்கள் என்றார். ஜுல்மீரா வரவில்லை. இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது. கம்பை அங்கே நகர்த்தச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கினாள். அந்த மூலையையும் முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

"இதுக்குள்ள இல்ல," என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலியே. தண்ணிய வெளிய எறைக்கச் சொல்லு."

"தெரியும். முழுசும் தொட்டுட்டேன். இதுக்குள்ள இல்ல."

செலியா நம்பவில்லை. தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜுல்மீரா பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். தண்ணீரில் இல்லையென்றால் வேறு எங்கே? தூங்கி எழுந்த பிள்ளைக்கு என்ன வேண்டியிருந்திருக்கும்? சுறா. சுறா காரில்.

கார் பாதாம் மரத்தடியில் நின்றது. காலையில் நிழல் இருந்த இடம். இப்போது நிழல் நகர்ந்து வேலிக்குப் போய்விட்டது. பின்கதவு சாத்தியிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஈரத் துண்டுகளின் குவியல் மட்டும் தெரிந்தது. கதவை இழுத்தாள், பூட்டியிருந்தது. சாவி ரெஜிஸின் பையில், ரெஜிஸ் சாலையில். பூப்பாத்தி ஓரத்துக் கல் ஒன்றைப் பிடுங்கி இரண்டு கையாலும் பக்கக் கண்ணாடியில் அடித்தாள். முதல் அடிக்கு விரிசல்கூட விழவில்லை. இரண்டாவது அடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. கார் ஊளையிட ஆரம்பித்தது. உள்ளிருந்து வந்த வெக்கை முகத்தில் அறைந்தது.

துண்டுகளுக்கு அடியில் மாயெல் சுருண்டிருந்தான். முகம் சிவந்து வறண்டிருந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. தூக்கியபோது தலை தொங்கியது. வாய் அசைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, அருகில் எந்தத் தண்ணீர் இருந்ததோ அதற்கு ஓடினாள்.

"அதுல வேணாம்! அம்மா, அதுல வேணாம்!"

ஜுல்மீரா படிகளில் இறங்கி உட்கார்ந்து குழந்தையைக் கழுத்துவரை அந்தப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். தலையை ஒரு கையில் தாங்கி, மறு கையால் நெற்றியில் அள்ளி அள்ளி விட்டாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு செலியாவும் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கால்களைத் தேய்த்தாள். கார் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. தீயணைப்பு வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டபோதுதான் குழந்தை முகத்தைச் சுளித்தான். பிறகு மெல்லிய, கிழிந்த குரலில் அழுதான்.

ஃபாரோ நகர ஆஸ்பத்திரியில் நான்கைந்து நாள் வைத்திருந்தார்கள். முதல் இரவு டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. பிறகு பிழைத்துக்கொண்டான், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். நடந்தது என்ன என்பது தானாகவே தெளிந்தது. சாமான் இறக்கிய ரெஜிஸ் கடைசி நாற்காலியைத் தாழ்வாரத்தில் வைக்கப் போன நேரத்தில் குழந்தை தூங்கிவிட்ட அம்மாவின் பக்கத்திலிருந்து நழுவி வந்து, சுறாவைத் தேடித் திறந்த பின்கதவு வழியாக ஏறியிருக்கிறான். திரும்பி வந்த ரெஜிஸ் கதவை அமுக்கிச் சாத்திப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரி நடையில் ஜுல்மீராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் அரைகுறைப் போர்ச்சுகீசில் அவனே அதைச் சொன்னான். சாத்தியபோது உள்ளே பார்க்கவில்லை என்றான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விமான நிலையம். பெட்டிகளை ஜுல்மீராதான் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். செலியா தாயின் கன்னத்தில் முத்தமிட்டாள், நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காதருகில், "அத மண்ணு போட்டு மூடிடும்மா," என்றாள்.

ஜுல்மீரா மூடவில்லை. மூடுகிறேன் என்று சொன்னாள், ஆனால் மூடவில்லை. மறுபடி தேய்த்தாள், மறுபடி ஊற்றினாள். கடைக்காரர் கொடுத்த இன்னொரு மருந்து மிதந்த அழுக்கையெல்லாம் ஒரே இரவில் கீழே இறக்கியது. குழாய் வைத்து அதைப் பொறுமையாக உறிஞ்சி வெளியேற்றினாள். செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, சூரியன் வேலிக்கு மேலே வந்தபோது, அடிவரைக்கும் தெரிந்தது. லியோனெல் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. வடிகால் மூலையில், ஓடுகளின் இடுக்கில் மட்டும், மிளகு சிதறியதுபோல் கறுப்புப் பாசி வேர்விட்டிருந்தது. கம்பிப் பிரஷால் தேய்த்தால் போகும். பத்து நாளில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

செலியா ஞாயிறுதோறும் போன் செய்தாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். இருட்டான இடத்தில் கதவைச் சாத்தினால் மட்டும் கத்துகிறான் என்று ஒரு முறை சொன்னாள். ரெஜிஸ் அங்கே இருந்த தங்கள் சொந்தக் காரை விற்றுவிட்டான். அடுத்த ஆகஸ்டைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அபீலியோ வேலியருகே நின்றார். ஜுல்மீரா வீட்டு உடுப்போடு குளத்துக்குள் மோவாய்வரை தண்ணீரில் இருந்தாள். சுவரிலிருந்து சுவர்வரை போய், ஒரு காலடி நகர்ந்து, திரும்பி வந்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அவள் பாதங்கள் ஓடுகளின்மேல் துழாவிக்கொண்டு போவது வேலியிலிருந்தே தெரிந்தது.

"என்ன தோனா, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா? இங்கேருந்தே எல்லாம் தெரியுதே," என்றார்.

"தெரியுது," என்றாள் அவள், நிற்காமல். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சுட்டு வந்துடறேன்."

அவர் வாயில் வந்த கேலியை விழுங்கிக்கொண்டார். மூலையில் அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆடுகளைச் சத்தமில்லாமல் கீழே ஓட்டிக்கொண்டு போனார்.